தம்மபாலன் ஒரு தரம் நினைத்தது

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இதில் நான் பல பேரைத் திட்டப் போகிறேன். கடைசியில் பார்த்தால் அவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் என் வேலை எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

என் பெயர் குணசுந்தரி. கோலார் தங்கவயலில் இருபத்திரண்டு வருஷமாக வக்கீல் தொழில். அடிதடி, ஜீவனாம்சம், செக் திரும்பியது, பக்கத்து வீட்டுச் சுவர் என்று வருவதையெல்லாம் பார்ப்பேன். தம்மபாலனை எனக்கு அதற்கும் முன்பிருந்தே தெரியும். கோரமண்டலில் எங்கள் லைனுக்கு அடுத்த லைன் அவருடையது. சுரங்கக்காரர்களுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய வரிசை வீடுகளைத்தான் லைன் என்கிறோம். எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால் அம்மா அவரைத்தான் கூப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை வந்து சரிசெய்துவிட்டு, ஒரு டம்ளர் டீயைக் குடித்துக்கொண்டே, "இன்னா வக்கீலம்மா, நாளைக்கு யாரை உள்ள தள்ளப் போறீங்க?" என்று என்னைச் சீண்டுவார். நானும், "உங்களைத்தான் பாலண்ணா, ரெடியா இருங்க" என்பேன். அந்தப் பேச்சை நினைத்தால் இப்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. அப்பா மார்பு நோயில் வேலையை விட்டதும் பத்தொன்பது வயதில் சுரங்கத்தில் சேர்ந்தார். பூமிக்கு அடியில் காற்றுக் குழாயும் தண்ணீர்க் குழாயும் பொருத்தும் வேலை. ஷிப்ட் முடிந்து, ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கேஜில் மேலே வந்தால் முதலில் சோதனை. கைகளைத் தூக்க வேண்டும். டிபன் பாக்ஸைத் திறந்து கவிழ்க்க வேண்டும். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். குன்றிமணி அளவு தங்கம்கூட யாருடைய உடம்போடும் வெளியே போய்விடக் கூடாது. இன்னொருத்தன் தன் உடம்பைத் தடவிப் பார்ப்பதைப் பல பேர் அவமானமாக நினைத்தார்கள், கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டே கையைத் தூக்கினார்கள். தம்மபாலனுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

"பதினாலு வருசம் தெனம் கவுத்துக் காட்டினேன், வக்கீலம்மா. ஒரு நாளு ஒரு தூசி வுழல" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

சோதனை போடுகிறவன் கேட்பதற்கு முன்பே அவர் கை மேலே போய்விடுமாம். சுரங்கத்தை மூடியபோது அவருக்கு வயது முப்பத்து மூன்று. அதற்குப் பிறகு எல்லாரையும் போல ரயில். காலை ரயிலேறி ஒயிட்பீல்டில் இறங்கி, அங்கே முந்நூறு வீடுகள் உள்ள ஒரு அபார்ட்மெண்டில் குழாய், மோட்டார், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வேலை. இருபத்து மூன்று வருஷம் ஒரே இடம். மனைவி அன்புச்செல்வி வீட்டில் தையல் வேலை செய்கிறாள். ஒரே மகள் வெண்ணிலா பெங்களூரில் நர்ஸிங் இரண்டாம் வருஷம். அந்தப் பெண் படித்து முடிக்கும்வரை இந்த வேலையை விடக் கூடாது என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கணக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் பௌத்தக் குடும்பம். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி விகாரைக்குப் போய்ப் பஞ்சசீலம் சொல்லிவிட்டு வருவார்கள். கொல்லேன், திருடேன், பொய் சொல்லேன் என்று ஐந்து. நாங்களும் வருஷத்துக்கு நாலு தரம் கோயிலுக்குப் போகிறோம், என்னென்னவோ வேண்டிக்கொள்கிறோம், வாசலில் செருப்பைப் போடும்போதே மறந்துவிடுகிறோம். இவர் மறக்கமாட்டார். அதுதான் வந்த வினை.

எங்கள் லைனிலிருந்து கோரமண்டல் ஸ்டேஷனுக்குச் சாலை வழியாகப் போனால் இருபத்தைந்து நிமிஷம். பழைய சுரங்க நிலத்துக்குள்ளே இறங்கி, இடிந்த கம்ப்ரசர் ஷெட்டை ஒட்டி நடந்தால் எட்டு நிமிஷம். என் அப்பா அந்த வழியில் நடந்தார், நான் கல்லூரிக்கு அந்த வழியில்தான் நடந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த நிலத்தில் ஒரு பகுதியை வெளியூர்க் கம்பெனி ஒன்று குத்தகைக்கு எடுத்தது. வெயிலிலிருந்து கரண்ட் எடுக்கும் பலகைகள் வைக்கப் போகிறார்களாம். சுற்றி முள்கம்பி போட்டார்கள். அத்துமீறி நுழைந்தால் தண்டனை என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பலகை நட்டார்கள். ஒரே வாரத்தில் யாரோ ஒரு ஆள் நுழையும் அளவுக்குக் கம்பியை வெட்டி, புடவை கிழியாமல் இருக்க அந்த இடத்தில் கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டியும் வைத்தார்கள். பிறகு எப்போதும் போல எல்லாரும் அந்த வழியாகத்தான் ரயிலுக்குப் போனார்கள்.

ஷெட்டுக்குப் பக்கத்தில் பெரிய பெரிய மரச்சுருளில் செப்புக் கம்பி கொண்டுவந்து வைத்தார்கள். போன வருஷம் ஆவணி மாதம் ஒரு சுருளில் யாரோ கைவைத்துவிட்டார்கள். நாலு நாள் கழித்து, கம்பெனி மேலாளர் ஒருவர் விடிவதற்கு முன்பே நேரில் வந்து நின்றார். காவலுக்கு இருந்த நாகேஷுக்கு வேறு வழியில்லை, பின்னால் மேலாளர் நிற்கும்போது "வாங்கண்ணா, போங்கண்ணா" என்றா சொல்ல முடியும்? டார்ச்சை அடித்து, "நில்லு" என்று கத்தினான்.

அப்போது வேலிக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லாரும் ஓடினார்கள். ஓடி, ரயிலைப் பிடித்து, அவரவர் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தம்மபாலன் ஒருவர் மட்டும் நின்றார். நின்றது மட்டுமில்லை, கையைத் தூக்கினார். பையைக் கீழே வைத்து, கேட்காமலே ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினார். டிபன் பாக்ஸ், தண்ணீர்ப் பாட்டில், ஸ்பேனர் இரண்டு, கட்டிங் பிளேயர், ரம்பப் பிளேடு. டிபன் பாக்ஸைத் திறந்தும் காட்டினார். மேலாளர் தக்காளிச் சோற்றைப் பார்க்கவில்லை, பிளேயரைத்தான் பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் என் ஆபீஸுக்கு வந்தார்கள். போலீஸ் ஸ்டேஷன் ஜாமீனில் விட்டிருந்தார்கள். திருடு போன கம்பி அவரிடம் இல்லை, அதனால் திருட்டு வழக்கு போடவில்லை. குற்ற எண்ணத்தோடு அத்துமீறி நுழைந்தது என்று ஒன்றே ஒன்றுதான். புதுச் சட்டத்தில் முந்நூற்று இருபத்தொன்பது. எங்கள் கோர்ட்டில் பாதிப் பேர் இன்னும் பழைய நம்பரான நானூற்று நாற்பத்தேழைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நம்பர் மாறினாலும் விஷயம் ஒன்றுதான்.

"ஏண்ணா ஓடல?" இதுதான் நான் கேட்ட முதல் கேள்வி.

"எதுக்கு ஓடணும்? பையில ஒண்ணும் இல்லியே" என்றார்.

அன்புச்செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "இவுரு கிட்ட இதான் வக்கீலம்மா, இருவத்தாறு வருசமா பாக்கறேன். ரயில்ல டிக்கெட்டு கேக்கறவரு அந்தாண்ட வரும்போதே இவுரு இந்தாண்ட பாஸை நீட்டிக்கினு நிப்பாரு."

நான் அவர்களுக்குப் பொறுமையாகச் சொன்னேன். எனக்குப் பொறுமை வருவது அபூர்வம், அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"இங்க பாருங்கண்ணா. அடுத்தவன் எடத்துல காலை வெச்சா மட்டும் அது குத்தம் ஆயிடாது. இன்னா எண்ணத்துல வெச்சீங்கன்றதுதான் கேள்வி. நம்ம துணி காத்துல பறந்து பக்கத்து வீட்டு மாடியில வுழுந்துடுது, எடுக்கப் படியேறிப் போறோம். அது ஒண்ணு. அவங்க துணியத் திருடறதுக்கு அதே படியில ஏறிப் போறோம். அது வேற. ஏறுன படி ஒண்ணுதான். திருடவோ, அடிக்கவோ, மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொந்தரவு குடுக்கவோ நெனச்சு உள்ள போனாத்தான் இந்தப் பிரிவு."

அவர் கவனமாகக் கேட்டார். "மனசுல இன்னா இருந்துச்சுன்னு யாரு பாத்தா?" என்றார்.

"யாரும் பாக்கல. அதான் நமக்கு நல்லது. இருந்துச்சுன்னு அவங்கதான் காட்டணும்."

"பிளேயர் இருந்துச்சே."

"பிளேயர் உங்க தொழில். டாக்டர் பையில கத்தி இருந்தா கொலை செய்யப் போறாருன்னு அர்த்தமா?"

அன்புச்செல்வி அப்போதுதான் லேசாகச் சிரித்தாள். இந்த வழக்கில் ஜெயித்துவிடலாம் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நினைத்தேன் என்று சொல்லவில்லை, தெரியும் என்றுதான் சொல்கிறேன். இப்படிப்பட்ட வழக்கில் தோற்றால் நான் கருப்புக் கோட்டைக் கழற்றி அடுப்பில் போட்டுவிடலாம்.

பிரச்சினை வேலையில் இருந்தது. அந்த அபார்ட்மெண்டில் வேலைக்கு ஆள் வைக்கும் ஏஜென்சி வருஷா வருஷம் போலீஸ் சரிபார்ப்புத் தாள் கேட்கும். இந்த வருஷம் தாளில் வழக்கு நிலுவை என்று வந்துவிட்டது. சூப்பர்வைசர் கிரண் என்ற இளைஞன், பெங்களூர்க்காரன். நான் போனில் கூப்பிட்டபோது ரொம்ப மரியாதையாகப் பேசினான். "மேடம், பாலன் அங்கிள் இல்லாம எங்களுக்கு எந்த வால்வு எங்க இருக்குன்னே தெரியாது. ஆனா ரூல்ஸ். கேஸ் முடியட்டும், அது வரைக்கும் அவர் எடத்துல வேற யாரையும் பர்மனெண்டா போடமாட்டேன். ப்ராமிஸ்" என்றான். ஒழிந்து போ என்று திட்டலாம் என்றால் அதற்கும் இடம் தரவில்லை.

அதுவரைக்கும் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போனார் தம்மபாலன். ஐம்பத்தேழு வயதில் மூட்டை.

வழக்கைச் சீக்கிரம் முடிக்க ஒரு வழி இருந்தது. இந்தக் குற்றத்தில், இடம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் சமாதானமாகப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் கோர்ட் வழக்கை முடித்துவிடும். நான் சைட் ஆபீஸுக்குப் போனேன். தகரக் கூரை போட்ட ஒரு அறை, ஒரு மின்விசிறி, ஒரு ஆள். புகார் கொடுத்த மேலாளர் மாற்றலாகிப் போய்விட்டாராம்.

"பாவம் மேடம் அவர், நல்ல மனுஷன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றான் அந்த ஆள். "ஆனா கையெழுத்து போட எனக்கு அதிகாரம் இல்ல. ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடுங்க."

போட்டேன். உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பதில் வந்தது, கூடவே பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு எண். நாலு தரம் நினைவூட்டினேன், நாலு தரமும் அதே பதில், வேறு வேறு எண். புகார் கொடுக்க ஒரு ஆள் போதும், மன்னிக்க ஒரு ஆளும் கிடைக்கமாட்டேன் என்கிறான் என்று நான் ஆபீஸில் கத்தினேன். தம்மபாலன்தான் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

சரி, நடத்தித்தான் பார்ப்போம் என்று விசாரணைக்குப் போனோம். ஒத்திவைப்பு, நீதிபதி விடுப்பு, சாட்சி வரவில்லை என்று ஒரு வருஷம் ஓடியது. கடைசியில் நாகேஷ் கூண்டில் ஏறினான். மாரிகுப்பத்துப் பையன், அவன் அப்பாவும் சுரங்கத்து ஆள்தான். கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்க்காமல் நின்றான். குறுக்கு விசாரணையில் நான் கேட்டேன்.

"அந்த வேலி எத்தனை நாளாக வெட்டியிருக்கிறது?"

"போட்ட ஒரு வாரத்துலேர்ந்து, மேடம்."

"யார் யார் அந்த வழியாகப் போவார்கள்?"

"எல்லாரும்."

"நீங்கள் டூட்டிக்கு எந்த வழியாக வருகிறீர்கள்?"

"அதே சந்து வழியாத்தான்" என்றான். கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் சிரிப்பை அடக்கக் கன்னத்தைச் சொறிந்தார். எதிரி, அதாவது கோர்ட் பாஷையில் தம்மபாலன், கம்பிச் சுருளைத் தொட்டாரா என்றேன், இல்லை என்றான். சுருளுக்குப் பக்கத்தில் போனாரா என்றேன், இல்லை, நேரே ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார் என்றான். இதற்குமேல் என்ன வேண்டும்? கோர்ட் வாசலில் அன்புச்செல்வியிடம், "பௌர்ணமிக்கு முன்னாடி உன் வீட்டுக்காரர் ரயில் ஏறிடுவார்" என்று வாய் கொழுத்துச் சொன்னேன்.

சாட்சி முடிந்தால் அடுத்தபடி, எதிரியை நீதிபதியே கேள்வி கேட்பார். உனக்கு எதிராக இப்படி இப்படிச் சாட்சி வந்திருக்கிறது, என்ன சொல்கிறாய் என்று கேட்பார். சத்தியம் எதுவும் வாங்கமாட்டார்கள். இல்லை, பொய் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், பதில் சொல்லாமல் நின்றாலும் தப்பில்லை. முந்தின நாள் தம்மபாலனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன்.

"இன்னா கேட்டாலும் 'இல்லீங்க சார்'. அவ்ளோதான்."

"எல்லாத்துக்குமா?"

"திருடற எண்ணம் இருந்துச்சான்னு கேப்பாரு. இல்லீங்க சார். முடிஞ்சுது."

அவர் தொப்பியை முழங்காலில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் அடுத்த கட்சிக்காரரை உள்ளே கூப்பிட்டுவிட்டேன். மற்றவர்களைத் திட்டுவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும்.

மாஜிஸ்திரேட் இளைஞர், வடக்கே தார்வாட் பக்கத்திலிருந்து வந்தவர். குரலை உயர்த்தாத மனிதர். கன்னடத்தில் கேட்டார், தம்மபாலனும் நல்ல கன்னடத்தில்தான் பதில் சொன்னார். நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

வேலிக்குள் போனீர்களா என்றார். "போனேன் சார், ரயிலுக்கு." பையில் இந்தச் சாமான்கள் இருந்தனவா என்றார். "இருந்துச்சு சார், வேலைச் சாமான்." இதுவரை சரி. மூன்றாவது கேள்வி: செப்புக் கம்பியைத் திருடும் எண்ணத்தோடு உள்ளே போனதாகப் புகார் சொல்கிறது, என்ன சொல்கிறீர்கள்?

"அன்னிக்கு இல்லீங்க சார்" என்றார் தம்மபாலன்.

எழுதிக்கொண்டிருந்த மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். அதுவரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த அரசு வக்கீலும் நிமிர்ந்தார்.

"அன்றைக்கு இல்லை என்றால்?"

நான் எழுந்தேன். மாஜிஸ்திரேட் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் தம்மபாலனைப் பார்த்துக் கண்ணை உருட்டினேன், தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"அதுக்கு முன்னாடி ஒரு வாட்டி நெனச்சேன், சார். ஆடி மாசம். பொண்ணுக்குக் காலேஜில பீஸு கட்டச் சொல்லி கெடு வெச்சிருந்தாங்க. அந்த வழியா போயிக்கினு இருக்கறப்போ கம்பிச் சுருளு கண்ல பட்டுச்சு. ஒரு முழம் வெட்டினா யாருக்குத் தெரியப் போவுதுன்னு நெனச்சேன். நின்னேன் சார். பிளேயர் பையில இருந்துச்சு. அப்பால ரயிலு சத்தம் கேட்டுச்சு, போயிட்டேன். தொடல. ஆனா நெனச்சேன்."

பின்வரிசையில் இருந்த அன்புச்செல்விக்குக் கன்னடம் சரளம், எல்லாம் புரிந்திருக்கும். பதினாலு வருஷம் டிபன் பாக்ஸைக் கவிழ்த்துக் காட்டிய மாதிரி மனசையும் கவிழ்த்துக் காட்டிவிட்டு, கைகள் இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார் அந்த மனுஷன். மாஜிஸ்திரேட் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

வாதத்தில் நான் தொண்டை கிழியக் கத்தினேன். நினைப்பு வேறு, எண்ணம் வேறு என்றேன். ஆடியில் வந்து போன ஒரு நினைப்பை ஆவணியில் வைத்த காலோடு முடிச்சுப் போடக் கூடாது என்றேன். உள்ளே நுழையும் அந்த நேரத்தில் இருந்த நோக்கம்தான் கணக்கு, அதை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்று பழைய தீர்ப்புகளை மேஜைமேல் அடுக்கினேன். நகைக்கடை வாசலில் நின்று ஒரு தரம் நினைக்காதவர் இந்த அறையில் யாராவது உண்டா என்றுகூடக் கேட்டேன். மாஜிஸ்திரேட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாக ஒன்று கேட்டார்.

"அந்த நினைப்பு அவருக்கு மறுபடி வரவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அதே வழி, அதே சுருள், அதே பிளேயர்."

வந்தது என்று அவர்கள்தான் காட்ட வேண்டும், வரவில்லை என்று நாங்கள் காட்ட வேண்டியதில்லை என்றேன். தலையாட்டினார். தலையாட்டியதால் புரிந்துகொண்டார் என்று நினைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு. எதிரியே தன் வாயால் சொன்ன எண்ணம், பையில் இருந்த கருவிகள், சமீபத்தில் நடந்த திருட்டு, மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் குற்ற எண்ணம் இருந்தது நிரூபணமாகிறது என்று படித்தார். பிறகு மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தம்மபாலனைப் பார்த்தார். உங்கள் வயது, இதுவரை ஒரு வழக்கும் இல்லாதது, எல்லாவற்றுக்கும் மேல் உங்கள் நேர்மை, இவற்றை எண்ணிச் சிறையும் இல்லை, அபராதமும் இல்லை, நன்னடத்தைச் சட்டப்படி எச்சரித்து அனுப்புகிறேன் என்றார். மனப்பூர்வமாக நல்லது செய்கிறோம் என்று நம்பித்தான் செய்தார். அவரைத் திட்ட எனக்கு நாலு நாள் ஆனது.

வெளியே வந்தால் ஒரே கொண்டாட்டம். நாகேஷ் ஓடி வந்து தம்மபாலனின் கையைப் பிடித்துக்கொண்டான். "தண்டனை இல்லியேண்ணா. எனக்கு இத்தினி நாளா சோறு எறங்கல" என்றான். வழக்கைப் போட்ட ஏட்டய்யா எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அன்புச்செல்வி மகளுக்குப் போன் போட்டு, "அப்பாவ வுட்டுட்டாங்கடி" என்று அழுது சிரித்தாள். விட்டுவிட்டார்கள்தான். ஆனால் குற்றவாளி என்று எழுதிவிட்டு விட்டிருக்கிறார்கள் என்பதை அந்த டீக்கடையில் என்னால் சொல்ல முடியவில்லை. தம்மபாலன் மட்டும் டீயைக் குடிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் தனியாக வந்தார். நான் ஆத்திரத்தில் இருந்தேன்.

"ஏண்ணா சொன்னீங்க? உங்களை யாரு ஆடி மாசத்தக் கேட்டா?"

"எண்ணம் இருந்துச்சான்னு கேட்டாரேம்மா" என்றார். "போலீஸு கேட்டாங்க, போனியான்னு. போனேன்னு சொன்னேன். நீங்க கேட்டீங்க, தொட்டீங்களான்னு. தொடலன்னு சொன்னேன். அவுரு ஒருத்தருதான் மனசுல இன்னா இருந்துச்சுன்னு கேட்டாரு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சொல்றத, அவுரு எதிர்ல நின்னுக்கினு எப்படி மாத்திச் சொல்றது?"

"சரி, அப்பீல் போடலாம். கோலாரு ஜில்லா கோர்ட்டுக்குப் போலாம். இந்தத் தீர்ப்பு நிக்காது. நான் எழுதித் தரேன்."

"அங்கயும் கேப்பாங்களா?"

"மறுபடி விசாரிக்கமாட்டாங்க. நீங்க சொன்னது பேப்பர்ல இருக்கு. அதுக்கு அர்த்தம் வேறன்னு நான் வாதாடுவேன்."

"எத்தினி நாள் ஆவும்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் அப்படி. "ரெண்டு வருசம் ஆவலாம்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். வெண்ணிலாவுக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் படிப்பு. அப்பீல் ஜெயித்து அவர் ரயிலேறும்போது அந்த வேலையால் ஆக வேண்டிய காரியம் ஒன்றும் மிச்சம் இருக்காது. இருந்தாலும் மனு எழுதிவைத்தேன், அவர் கையெழுத்துப் போட வரவில்லை. இன்னும் மேஜையில்தான் இருக்கிறது.

கிரணிடம் நானே பேசினேன். இந்த மாதிரி எச்சரித்து விடப்பட்டவருக்குத் தண்டனை பெற்றவர் என்ற தகுதிக் குறைவு எதுவும் ஒட்டாது என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. அதைக் கோடு போட்டுப் படமெடுத்து அனுப்பினேன். அவன் உடனே கூப்பிட்டான்.

"எனக்குப் புரியுது மேடம். ஆனா நான் ஃபார்மத்தான் அனுப்ப முடியும். ஃபார்ம்ல ரெண்டே கட்டம்தான் இருக்கு. அங்கிள நிரப்பித் தரச் சொல்லுங்க, நான் தள்ளிவிடப் பாக்கறேன்."

போன திங்கட்கிழமை படிவத்தோடு வந்தார் தம்மபாலன். முன்பு போல வக்கீலம்மா, யாரை உள்ள தள்ளப் போறீங்க என்றெல்லாம் இப்போது பேசுவதில்லை. உட்காரச் சொன்னால்தான் உட்காருகிறார். மூட்டை தூக்கித் தூக்கி ஒரு பக்கத் தோள் இறங்கிவிட்டது. சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நான் அன்றைக்கு ஒருவரை ரயிலேற்றிவிட்டு அந்தச் சந்து வழியாகத்தான் ஆபீஸுக்கு வந்தேன். நாகேஷ் எழுந்து நின்று எனக்கு வணக்கம் வைத்தான். என் பையில் என்ன இருக்கிறது, மனசில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

படிவம் இங்கிலீஷில் இருந்தது, அதனால் எழுத வேண்டியது நான். பெயர், அப்பா பெயர், வயது, விலாசம். ஏழாவது கேள்வி, எப்போதாவது குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டதுண்டா? ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். பேனா இல்லை என்ற கட்டத்துக்கு மேலே நின்றது.

"இல்லன்னு போட்டுடறேண்ணா" என்றேன். "சட்டத்துல அதுக்கு எடம் இருக்கு. நான் பொறுப்பு."

"ஜட்ஜு ஆமான்னு தானே சொன்னாரு?"

"சொன்னாரு."

"அப்போ ஆமான்னு போடுங்க."

"வேலை போயிடும்ணா. வெண்ணிலாவ நெனச்சுப் பாருங்க."

"நெனச்சுத்தாம்மா இவ்ளோ தூரம் வந்துச்சு" என்றார்.

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேருக்காக எத்தனையோ எழுதியிருக்கிறேன். அந்த ஒரு டிக் அடிக்க எனக்குக் கை வரவில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார். ஆம் என்ற கட்டத்தில் அடித்தேன். கீழே விவரம் என்று ஒரு வரி இருந்தது, அதில் குற்ற எண்ணத்துடன் அத்துமீறி நுழைதல் என்று எழுதியதும் வரி நிரம்பிவிட்டது. எழுதியதை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பி, விரலால் அந்த வரியைத் தடவிப் பார்த்தார். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் எங்கே முடிகிறது என்று தெரிந்தது.

"நெனச்சேன், செய்யலன்னு எழுத எடம் இருக்குதா?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஏஜென்சியின் விலாசம் மட்டும்தான் இருந்தது.

"இல்லண்ணா" என்றேன்.

"சரி, வுடுங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.